11 வருடமாகக் கொட்டகையில் நிற்கும் லாரி

கேள்வி: "அப்பா 1984-ல் வாங்கிய 1210 லாரி, அவர் காலமான பிறகு 11 வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. பழைய இரும்பு வியாபாரி மொத்தமாக 90,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். தம்பி ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவன். 'வீட்டிலேயே வைத்து வேலை பார்த்து ஓட்டலாம், காட்டை வைத்து 4 லட்சம் கடன் வாங்கினால் போதும்' என்கிறான். அம்மா, விற்கவே கூடாது என்கிறார். ஆயுத பூஜைக்கு இன்றும் அதற்குச் சந்தனம் வைக்கிறார். என்ன செய்வது?"
(சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

லாரிக்கும் விவசாயப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று டெல்டா பக்கத்து வாசகர்கள் கேட்கலாம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, ராசிபுரம் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே லாரி வாங்கியவர்களில் பெரும்பாலோர் மானாவாரிக் காட்டுக்காரர்கள்தான். கிணறு வற்றியபோது சிலர் இன்னும் ஆழமாக வெட்டினார்கள். சிலர் நகையை அடகு வைத்து லாரிக்கு முன்பணம் கட்டினார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் லாரி மேலேயே போர் போடும் இயந்திரத்தை ஏற்றி ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டார்கள். மழை ஏமாற்றிய வருடங்களில் குடும்பத்தைக் காப்பாற்றியது சக்கரம்தான். வாசகரின் கடிதத்திலும் அந்தக் கதைதான் இருக்கிறது. கடலைக்காய் விற்ற பணமும் அம்மாவின் எட்டுப் பவுனும் சேர்ந்துதான் அந்த வண்டி வந்திருக்கிறது. அம்மா சந்தனம் வைப்பதை வெறும் பழக்கம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இளைய வாசகர்களுக்காக அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1954-ல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. ஒப்பந்தம் 1969-ல் முடிந்துவிட்டது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் 'பென்ஸ் லாரி' என்றேதான் சொன்னார்கள். 1210 என்ற எண்ணில் முதல் பாதி, சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 12 டன் என்பதையும், பின்பாதி சுமார் 100 குதிரைத்திறன் என்பதையும் குறிக்கும். இன்னொரு பக்கம், ஆஸ்டின் கார் பூட்டுவதற்காக 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்டாகி எண்ணூரிலிருந்து காமெட் லாரிகளை இறக்கியது. டீக்கடை பெஞ்சில் பென்ஸ் கட்சி, லேலண்ட் கட்சி என்று இரண்டு இருந்தது. மேட்டில் இழுப்பது எது, டீசல் குறைவாகக் குடிப்பது எது என்ற வழக்கு கடைசி வரை தீரவே இல்லை.

அப்போதெல்லாம் கம்பெனி கொடுப்பது சேஸிஸ் மட்டும்தான். கேபின்கூட இருக்காது. இன்ஜின், ஸ்டியரிங், நான்கு பக்கமும் காற்று, அவ்வளவுதான். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பலகையைப் போட்டு உட்கார்ந்து, வெயிலிலும் மழையிலும் ஓட்டிக்கொண்டு வருவார். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் ஆசாரி மரச்சட்டம் போடுவார், பெயின்டர் குலதெய்வம் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் எழுதுவார். பிறகு சேலம் ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் போகும், திரும்பும்போது நாசிக் வெங்காயம் வரும். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். வழியில் நின்றுபோனால், டிரைவரும் கிளீனரும் ரோட்டோரம் படுத்துத் தாங்களே சரிசெய்வார்கள். அது முடிந்தது. ஏனென்றால் அந்த இன்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் ஓடுவதற்குக் கரன்ட்கூட வேண்டாம். டீசல், காற்று, அழுத்தம் மூன்றும் போதும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 லாரியில் சென்சார் ஒன்று மக்கர் செய்தால் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். தம்பிக்கு வீட்டிலேயே வேலை பார்க்கலாம் என்று தோன்றுவதில் தவறில்லை. பார்க்க முடிகிற வண்டிதான்.

ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுக்க வேண்டும்.

ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும் என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது. உரிமையாளர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்றுவதற்கு 31-ம் எண் படிவம் உண்டு. அதை மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். 11 வருடம் போய்விட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது வரி பாக்கி எவ்வளவு என்பதைத்தான். வண்டி ஓடவில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு கணக்கு, கொடுக்காமல் விட்டிருந்தால் வேறு கணக்கு. பசுமை வரியையும் சேர்த்துக் கேட்கவும். அந்தத் தொகை தெரியாமல் விற்பதும் தவறு, செலவு செய்வதும் தவறு.

சாலையில் ஓட்ட வேண்டுமானால் எப்.சி. வேண்டும். சரக்கு வாகனத்துக்கு 8 வருடம் தாண்டினால் எப்.சி. வருடா வருடம் எடுக்க வேண்டும். பழைய வண்டிக்கான கட்டணங்களையும் சமீப வருடங்களில் உயர்த்திவிட்டார்கள். '50 வருடமானால் பழம்பெரும் வாகனம் என்று பதிவு செய்யலாமே' என்று சிலர் சொல்லக்கூடும். 2021-ல் வந்த அந்த விதி சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகனத்துக்கும் காருக்கும்தான். லாரிக்குப் பொருந்தாது.

பிழைப்புக்காக ஓட்டுவது என்றால் கணக்கு இன்னும் மோசம். 12 டன் மொத்த எடை என்றால் சரக்கு ஏழு, ஏழரை டன்தான் ஏற்றலாம். இன்றைய சாதாரண இரண்டு அச்சு லாரிக்கே மொத்த எடை 18 டன்னுக்கு மேல் அனுமதி இருக்கிறது. அதே டிரைவர் சம்பளம், அதே சுங்கச்சாவடி. ஆறு டயரும் ஒரு ஸ்டெப்னியும் புதிதாக வாங்க வேண்டும். எந்த வாடகையில் அந்த 4 லட்சம் திரும்பும்? காட்டை வைத்து வாங்கும் கடன் என்பதால் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது: வேண்டவே வேண்டாம். அப்பா காட்டை வைத்து லாரி வாங்கினார் என்பது உண்மை. அன்று லாரிக்குச் சரக்கு வரிசையில் நின்றது. இன்று சரக்குக்கு லாரி வரிசையில் நிற்கிறது.

அதற்காக 90,000-க்குத் தள்ளிவிட வேண்டும் என்றும் இல்லை. ஆர்.சி.யில் காலி எடை எழுதியிருக்கும். உதாரணத்துக்கு அது 4,500 கிலோ என்றும், அன்றைய இரும்பு விலை கிலோ 28 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் 1,26,000 ரூபாய் ஆகிறது. மரம், ரப்பர், சீட்டு என்று கழித்தாலும், ஓடக்கூடிய இன்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு, ரேடியேட்டர் இவற்றுக்குத் தனி விலை உண்டு. 'மொத்தமாக' என்ற சொல்லைக் கேட்டதும் எடைமேடைக்கு வரச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆர்.சி.யை ரத்து செய்யாமல் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டால், அந்த சேஸிஸ் எண்ணும் பதிவெண்ணும் வேறு எங்கே போய் ஒட்டிக்கொண்டாலும் கேள்வி அப்பாவின் பெயருக்குத்தான் வரும். வண்டியை உடைத்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். புதிய வண்டி வாங்கும்போது அதைக் காட்டிச் சாலை வரியில் சலுகை கேட்கலாம். மத்திய அரசின் விதிப்படி சரக்கு வாகனத்துக்கு 15 சதவீதம் வரை இடம் இருக்கிறது. உள்ளூர் வியாபாரி தரும் விலையையும் மையம் தரும் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒத்துவருவது அதுதான் என்று தோன்றுகிறது. அலுவலகத்தில் காகிதத்தை ஒழுங்கு செய்து, ஓட்டாத வண்டியாகவே வைத்துக்கொண்டு, கடன் இல்லாமல், கையில் இருப்பதைக் கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்ப்பது. ஆயுத பூஜை அன்று இன்ஜின் சத்தம் கேட்டால் போதும் என்று அம்மா நினைத்தால் அதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கொட்டகையை விட்டு ஊர்ச் சாலையில் பத்தடி போனாலும் எப்.சி., இன்சூரன்ஸ், வரி எல்லாம் வேண்டும்.

தம்பிக்குச் சில குறிப்புகள். ஐ.டி.ஐ.யில் ஓடும் வண்டியைப் பழுது பார்க்கத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வெகுகாலம் நின்ற வண்டி வேறு ரகம்.

பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு நீளக் கம்பால் தட்டவும். எலி கூடு வைத்த இடத்துக்குப் பாம்பு வரும். கையை விட்டுத் துழாவ வேண்டாம். காற்றுக்குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். கோழிகள் அடைந்த இடம் என்றால் எச்சம் தகரத்தை அரித்திருக்கும். பாடியில் உர மூட்டை அடுக்கி வைத்திருந்தார்களா என்று அம்மாவைக் கேட்கவும். உரம் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். சேஸிஸ் சட்டத்தைச் சுத்தியால் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் பொத்தென்று ஒலிக்கும். சட்டமே அரித்திருந்தால் அதற்கு மேல் செலவு செய்யாமல் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது சம்ப். அடி நட்டை மெதுவாகத் தளர்த்தவும். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வந்தால், அல்லது ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால், ஹெட் பேக்கிங்கோ லைனர் பக்கமோ தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் ஸ்டார்ட் செய்யும் யோசனையை விட்டுவிட்டு ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஆயில் சுத்தமாக வந்தால் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊற விடவும். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றாவிட்டால் மீண்டும் ஊற வைக்க வேண்டியதுதான். நீளக் குழாயை மாட்டிப் பலம் கொடுத்தால் உள்ளே ஏதாவது ஒன்று உடையும்.

டேங்க் அடியில் தண்ணீரும் கறுப்புச் சளியும் தேங்கியிருக்கும். அதைக் கழற்றிக் கழுவாமல் புது டீசல் ஊற்றினால் அத்தனையும் பம்புக்குப் போய்விடும். பம்பையும் நாசிலையும் பம்புக் கடையில் கொடுத்துச் சோதிப்பதுதான் சரி. வீட்டு வேலையில் வெளியே கொடுத்தே ஆக வேண்டியது இது ஒன்றுதான். நாசில் முனையில் டீசல் 200 கிலோவை ஒட்டிய அழுத்தத்தில் பீய்ச்சும். பார்வைக்குப் பனி மாதிரி இருக்கும், ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் பழைய மெக்கானிக்குகள் சிலரிடம் உண்டு. அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். அப்படி ஏறிவிட்டால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும்.

முதல் ஸ்டார்ட்டில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. வெகுகாலம் நின்ற பம்பில், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக் திறந்த நிலையிலேயே துருப்பிடித்து இறுகிப்போயிருக்கலாம். அப்போது இன்ஜின் பிடித்ததும் ஆக்சிலேட்டருக்கும் அடங்காது, ஸ்டாப் கேபிளுக்கும் அடங்காது. வேகம் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் வெடித்துச் சிதறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் அது கரன்டில் ஓடவில்லை. ஆகவே ஸ்டாப் கேபிளை இழுத்தால் ரேக் தாராளமாக நகர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு, காற்றுக்குழாயின் வாயை முழுசாக மூடும் அளவுக்கு ஒரு கனமான பலகையோடு ஓர் ஆள் பக்கவாட்டில் தயாராக நிற்க வேண்டும். காற்று இல்லாவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும். கையாலோ துணியாலோ மூடக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். இந்த ஏற்பாடு முடிந்த பிறகு, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் ஸ்டார்ட்டர் அடித்து ஆயில் பிரஷரை ஏற்றி, ஏர் எடுத்து, அதன் பிறகு கேபிளை விட வேண்டும்.

டயர் பக்கம் போகும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். இந்த வண்டிகளின் 20 அங்குல ரிங்குகளில் டயரைப் பிடித்து வைப்பது லாக் ரிங் என்ற வளையம். காற்று இருக்கும்போது அது கழன்றால் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். பஞ்சர் கடைகளில் உயிர்ப்பலி ஆனது அதனால்தான். துருப்பிடித்த ரிங்கில் பழைய டயருக்குக் காற்றடித்துப் பார்ப்போம் என்ற ஆசையே கூடாது. சக்கரத்தைக் கழற்றும் முன்பே வால்வு ஊசியை எடுத்து முழுக் காற்றையும் இறக்கிவிட வேண்டும். மறுபடி காற்றடிப்பது இரும்புக் கூண்டு வைத்திருக்கும் கடையில் மட்டுமே நடக்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். கல்லும் ஹாலோ பிளாக்கும் உதவாது. கெட்டி மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன்மேல் வண்டியை இறக்கிய பிறகே உள்ளே போக வேண்டும். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி வைக்கவும்.

வேலை எப்போது முடியும் என்று கணக்குப் போட வேண்டாம். அப்பாவோடு கிளீனராகப் போனவர் யாராவது ஊரில் இருந்தால் அழைத்து உட்கார வைக்கவும். அந்த வண்டிக்கு எந்த கியர் முரண்டு பிடிக்கும், எந்த நட்டு இடக்கையால் கழற்றினால் வரும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. அவருக்கும் பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

கேள்வி: "லாரி இன்ஜின் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது. கிணற்றுப் பம்புசெட்டுக்குப் பூட்டலாமா?"
(ஒரு வாசகர், ஆத்தூர்)

பூட்டலாம், ஓடும். ஆனால் கட்டுப்படியாகாது. ஏழரை குதிரைத்திறன் கேட்கும் பம்புக்கு 100 குதிரைத்திறன் இன்ஜினை ஓட்டுவது, ஒரு கூடை தக்காளியை எடுத்துப் போக லாரி பிடிப்பது போல. பாரம் இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் சூடேறாது. டீசல் முழுசாக எரியாமல் கரி பிடிக்கும், சைலன்சரில் ஆயில் கசியும். தண்ணீருக்கு ஆகும் டீசல் செலவும் அதிகமாக இருக்கும். பம்பின் தேவைக்கு ஏற்ற சிறிய இன்ஜினே நல்லது.

கேள்வி: "லாரியில் மாற்றிய கழிவு ஆயிலைத் தென்னையின் குருத்தில் ஊற்றினால் காண்டாமிருக வண்டு வராதாமே?"
(ஒரு வாசகி, பரமத்தி வேலூர்)

ஊற்ற வேண்டாம். எரிந்த ஆயிலில் உலோகத் துகள்களும் கெட்ட ரசாயனங்களும் இருக்கும். இளங்குருத்து கருகும், மழையில் வழிந்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் வைத்தால் போதும். எருக்குழியில் புழு இருக்கிறதா என்றும் கிளறிப் பார்க்கவும். வண்டு உருவாவது அங்கேதான். கழிவு ஆயிலை டப்பாவில் சேர்த்து வைத்து, எடுத்துச் செல்லும் வியாபாரியிடம் கொடுத்துவிடவும்.